காசநோய் உறுதியான அன்றே ஐந்து அளவுகள் எடுக்கப்படுவது ஏன்?

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ காசநோய் இருப்பது அரசு மருத்துவமனையில் உறுதி செய்யப்பட்டால், மாத்திரை தொடங்கும்போதே சில அளவுகளும் எடுக்கப்படும். உயரமும் எடையும் குறித்துக்கொள்வர். இரு கால்களிலும் வீக்கம் உள்ளதா என அழுத்திப் பார்ப்பர். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என எண்ணுவர். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொருத்தி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைப் பார்ப்பர். பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பதையும் கவனிப்பர். வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்றால் போதுமா, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்ற முடிவுக்கு இவ்வளவுகளே முதல் அடிப்படை.

காசநோயைக் குணப்படுத்தும் மருந்துகள் நம்மிடம் உள்ளன. வழக்கமான காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை போதுமானது. ஆயினும் காசநோயால் நிகழும் இறப்புகளில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நேர்கிறது. நோய் தாமதமாகக் கண்டறியப்பட்டு உடல் மிகவும் மெலிந்து நுரையீரலும் பழுதுபட்ட நிலையில் வருபவருக்கு, மருந்து பலன் தரும் வரை தாங்கும் வலிமை இருப்பதில்லை. இத்தகையோரை முதல் நாளிலேயே அடையாளம் காண்பதற்காக, தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. மேற்கூறிய ஐந்து அளவுகள் அத்திட்டத்தின் வழியாகவே நடைமுறைக்கு வந்தன.

உடல் நிறைக் குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நிலை தீவிரமானது எனக் கொள்ளப்படுகிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் எடை ஏறத்தாழ 36 கிலோவுக்கும் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். குறியீட்டெண் 16 வரை இருந்து, இரு கால்களும் வீங்கியிருந்தாலும் அவ்வாறே. மூச்சு நிமிடத்திற்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94 விழுக்காட்டிற்குக் கீழ், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் நோயாளி விரிவான பரிசோதனைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்கும் அனுப்பப்பட வேண்டும்.

2025-இல் இதனுடன் ஒரு புதிய வசதி சேர்ந்தது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை அரசு மருத்துவ நிலையங்களில் காசநோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் விவரங்களைப் பகுப்பாய்வு செய்து, ஒரு கணிப்பு முறையை உருவாக்கியது. இந்த ஐந்து அளவுகளைப் பதிவு செய்தவுடன், அந்நோயாளிக்கு உள்ள இறப்பு அபாயம் எத்தனை விழுக்காடு என்பதை மென்பொருள் காட்டும். தீவிர நிலையில் உள்ளோருக்கு இது 10 முதல் 50 விழுக்காடு வரையிலும், ஏனையோருக்கு 1 முதல் 4 விழுக்காடு வரையிலும் அமைகிறது.

தீவிரம் என்று முன்னரே தெரிந்துவிட்டபின் இந்த எண் எதற்கு என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் நோய் கண்டறியப்பட்டதிலிருந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும் வரை சராசரியாக ஒரு நாள் ஆகிறது. ஆனால் தீவிர நிலையில் உள்ளோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு 2 முதல் 6 நாள்கள் வரை தாமதமாகிறது. ‘தீவிரம்’ என்ற ஒரே சொல்லின் கீழ் 10 விழுக்காடு அபாயம் உள்ளவரும் 50 விழுக்காடு அபாயம் உள்ளவரும் அடங்குவர். யாருக்கு இன்றே வாகனம் அனுப்ப வேண்டும், யார் வீட்டிற்கு முதலில் செல்ல வேண்டும் என்பதைப் பணியாளருக்கு உணர்த்துவதே இந்த எண்ணின் பயன். என் கருத்தில், தரவுப் பகுப்பாய்வு என்ற பெரிய சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் தேவையில்லை.

அந்த எண்ணைக் கேட்டு நீங்கள் மனம் தளர வேண்டாம். 30 விழுக்காடு என்பது, அதே நிலையில் வந்த 100 பேரில் 30 பேர் இறந்தனர் என்று கூறுகிறது; 70 பேர் பிழைத்தனர் என்பதையும் அதுவே கூறுகிறது. உங்கள் நோயாளி அவர்களுள் யார் என்பதை எந்த மென்பொருளாலும் கூற இயலாது.

கணிப்பு சரியாக அமைய அளவுகள் சரியாக இருக்க வேண்டும். இதில் உங்கள் பங்கும் உண்டு. மாடிப்படி ஏறி வந்தவுடன் மூச்சை எண்ணினால் கூடுதலாகத் தெரியும். சற்று நேரம் அமர்ந்திருந்தபின் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணச் சொல்லுங்கள். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் ஆக்சிமீட்டரைக் குழப்பக்கூடும். வெட்கம் கருதித் தவறான தொலைபேசி எண்ணைத் தருவோரும் உள்ளனர். பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் அவர்களைத் தேடிக் கண்டடைய இயலாது.

சேர்க்கைக்கு உறவினர் தயங்குவதே பெரும்பாலும் கடைசித் தடையாகிறது. வீட்டில் வைத்து நன்றாகச் சாப்பாடு கொடுத்தால் தேறிவிடுவார் என்பர். மிகவும் மெலிந்த உடலுக்குத் திடீரென மிகுதியான உணவு கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் சட்டெனக் குறைந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். இத்தகையோருக்கு உணவைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதே ஒரு சிகிச்சை. ஆக்சிஜன் அளித்தல், சர்க்கரை நோய், இரத்தசோகை போன்றவற்றைக் கவனித்தல் ஆகியனவும் மருத்துவமனையில் இயலும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. அரசு நிலையங்களுக்கு வந்தோரின் விவரங்களிலிருந்து உருவானது இது. தனியார் மருத்துவமனையில் நோய் கண்டறியப்பட்டவருக்கு இவ்வளவுகள் எடுக்கப்படாமல் விடுபடலாம். அவ்வாறாயின், இந்த ஐந்தையும் அன்றே பார்க்குமாறு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்; ஒன்று மிகினும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். வீட்டில் சிகிச்சை பெறுபவருக்குப் பின்னர் மூச்சுத்திணறல் கூடினாலோ, எழுந்து நிற்க முடியாமற்போனாலோ, அடுத்த மாத்திரை நாள் வரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். ஐயங்களுக்கு 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.