எந்த டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேளுங்கள்



"டீச்சர் இதையெல்லாமா ஃபேஸ்புக்கில் எழுதுவார்?" என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சுளியுங்கள்.

நீர் கழிக்கும்போது எரிச்சல், நாள்பட்ட வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பெயர் 'சூடு'. வெந்தயமும் இளநீரும் கேட்காவிட்டால் டாக்டரிடம் போகிறோம். ஒரு யூரின் டெஸ்ட், ஒரு ரத்த டெஸ்ட். "எல்லாம் நார்மல்" என்று வருகிறது. வலி மட்டும் போவதில்லை. கடைசியில் "உனக்கு மனசுதான் சரியில்லை" என்று பட்டம் கட்டிவிடுகிறோம்.

எல்லாம் என்றால் எதெல்லாம்? வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை சிஃபிலிஸுக்கு மட்டும்தான். எச்.ஐ.வி. டெஸ்ட் எச்.ஐ.வி.க்கு மட்டும்தான். வழக்கமான யூரின் கல்ச்சரில் கிளமிடியா வளரவே வளராது. அது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் கிருமி. அதையும் கொனோரியாவையும் சரியாகக் கண்டுபிடிக்க என்.ஏ.ஏ.டி. என்ற பரிசோதனை வேண்டும். சிறுநீரிலோ, பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியிலோ செய்வார்கள். மைக்கோபிளாஸ்மா ஜெனிடேலியம் போன்றவற்றைத் தனியாக எழுதிக் கொடுத்தால்தான் தேடுவார்கள். கேள்வித்தாளில் வராத பாடத்தில் பையன் பாஸ் என்று எந்த வாத்தியாராவது மார்க் போடுவாரா?

இன்னொன்று. தொற்றிய முதல் சில வாரங்களில் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனைகள் 'இல்லை' என்றே காட்டலாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும்.

"குடும்பப் பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது?" என்று கேள்வியையே விழுங்கிவிடும் டாக்டர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பெயர் மரியாதையா? கிளமிடியா பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயைக் கெடுத்துவிடலாம். பிறகு குழந்தை இல்லை என்ற பழியும் அவள் தலையில்தான். கணவனிடமிருந்து வந்திருக்கலாம் என்று பேச ஒருவரும் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் டாக்டர் எழுதித் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரை 7 நாளில் பெரும்பாலும் கிளமிடியாவைத் தீர்த்துவிடும்; கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து. ஆனால் கணவன் மனைவி இருவரும் சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி தொற்றலாம். கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

எல்லாம் தேடிப் பார்த்தும் தொற்று இல்லையா? நல்லது, வலிக்கு வேறு காரணத்தைத் தேடலாம். தேடாமலே "இல்லை" என்பதைத்தான் ஏற்காதீர்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 1097 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

ரிசல்ட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு டெஸ்டின் பெயரையும் படியுங்கள். "எதற்கெல்லாம் பார்த்தீர்கள், எதற்குப் பார்க்கவில்லை?" என்று கேளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் டீச்சருக்கு ஒரு போன் போடுங்கள். நான் கூட வருகிறேன்.