மன்னிப்பு யார் வீட்டுச் சொத்து?

பகையை விடு, குற்றத்தை மன்னி, மனத்தில் கசப்பு வைத்தால் மோட்சமில்லை என்று கிறிஸ்தவப் பாதிரிமார்கள் உபதேசிப்பது உலகறிந்த சங்கதி. கசப்பை விட்டொழிப்பது ஒருவருக்கு நிம்மதி தருமானால் நாம் அதை ஆட்சேபிக்க வரவில்லை. ஆனால் இந்த உபதேசம் எப்போதும் அடிபட்டவன் வீட்டு வாசலிலேயே நடக்கின்றதே, அடித்தவன் வீட்டுப் பக்கம் போவதில்லையே, அது ஏன் என்றுதான் கேட்கின்றோம்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கு வெள்ளையர் சர்க்கார் 1948 முதல் நிறபேதத்தைச் சட்டமாகவே செய்து கருப்பு மக்களை மிதித்து வந்தது. வெள்ளையரின் டச்சு சபைப் பாதிரிகள் அதற்கு வேதத்திலிருந்தே ஆதாரம் எடுத்துக் கொடுத்தார்கள். ஆட்சி மாறிய பின் 1995-ல் ஒரு சட்டம் செய்து, ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவைத் தலைவராகக் கொண்டு, உண்மை - சமரசக் கமிஷன் என்பதாக ஒன்றை ஏற்படுத்தினார்கள். டூட்டு நிறவெறியை அஞ்சாமல் எதிர்த்தவர். அவருடைய யோக்கியதையில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நடைமுறையைக் கவனியுங்கள். கொன்றவன் அதை அரசியல் காரணத்திற்காகச் செய்ததாகக் காட்டி, நடந்ததை முழுவதும் ஒப்புக்கொண்டால் கேசும் இல்லை, நஷ்டஈட்டு வழக்கும் இல்லை. வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றுகூடச் சட்டம் கேட்கவில்லை!

ஸ்டீவ் பீகோ என்ற 30 வயது வாலிபர் 1977-ல் போலீஸ் காவலில் தலையில் அடிபட்டு மாண்டார். கோர்ட்டுக்குப் போகும் எங்கள் உரிமையைப் பறிக்காதே என்று அவர் குடும்பத்தார் 1996-ல் வழக்காடித் தோற்றார்கள். போலீஸ்காரர்களின் மன்னிப்பு மனு 1999-ல் தள்ளப்பட்டது வாஸ்தவமே. ஆனால் சாட்சியம் போதாது என்று 2003-ல் சர்க்கார் வக்கீல்கள் கேஸையே கைவிட்டார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஆறு வருஷம் வருஷந்தோறும் பணம் கொடுக்கும்படி கமிஷன் சிபார்சு செய்தது. கடைசியில் 2003-ல் ஒரே தடவையாக 30,000 ராண்ட் என்று முடித்துவிட்டார்கள். கொன்றவனுக்கு மன்னிப்பு முதலில், இழந்தவனுக்கு ஈடு கடைசியில்! வரப்பை வெட்டி நம் நிலத்தைச் சேர்த்துக்கொண்டவன், அதில் விளைந்ததையும் அறுத்துக்கொண்டே, “பழசை மறந்துவிடுங்கள் அண்ணே” என்றால் தோழர்களே, நீங்கள் ஒப்புவீர்களா?

நிற்க, பாதிரிமாரின் வேதத்தையே பார்ப்போம். சகோதரன் மனம் வருந்தினால் மன்னி என்றுதான் லூக்கா 17-ம் அதிகாரம் சொல்லுகின்றது. 19-ம் அதிகாரத்தில் வரும் ஆயக்காரன் சகேயு வெறும் கும்பிடு போட்டுவிட்டுப் போகவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டான். பிரசங்க மேடைக்குப் போகும்போது இந்த ஏடு மட்டும் கிழிந்துபோய்விடுகின்றதோ? பீகோவின் மனைவிக்கு மன்னிக்கச் சொல்லிக் கொடுக்குமுன், அந்தப் போலீஸ்காரர்களுக்குச் சகேயுவின் கதையை எந்தப் பாதிரியாவது வாசித்துக் காட்டினாரா?