மேசை மேல் ஆவி மெஷின்: மலிவு விலையில் வாங்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மேசையில் கம்ப்யூட்டரோடு நிறுத்துவதில்லை. ஸ்பீக்கர், பிரிண்டர், மோடம், மொபைல் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். இப்போது அந்த வரிசையில் 'ஹெர்பல் வேப்பரைசர்' என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மூலிகை போட்டு ஆவி பிடிக்கும் சின்ன மெஷின்தான் அது. ஆன்லைன் கடைகளில் இருநூறு, முந்நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் கம்ப்யூட்டர் மேசையில் வைக்கலாமா?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊரில் என் கல்லூரி நண்பரின் வீடு இருக்கிறது. சென்ற மார்கழியில் அங்கே போயிருந்தேன். தங்கையின் படிப்புக்காகப் புதிதாக ஒரு டெஸ்க்டாப் வாங்கியிருந்தார்கள். கூடவே முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஆவி மெஷின். இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே யு.பி.எஸ். இரவு எட்டு மணிக்கு நண்பர் மெஷினின் சுவிட்சைப் போட்டார். யு.பி.எஸ். 'பீப்' என்று அலறியது, மானிட்டர் இருண்டது. தங்கை இரண்டு மணி நேரமாக டைப் செய்த அசைன்மென்ட் சேவ் ஆகாமலே போய்விட்டது.

"யு.பி.எஸ். கெட்டுப்போச்சு" என்றார் நண்பர். அவருடைய அம்மா என்னைப் பார்த்து, "வேலி ஓரத்துல நொச்சி மண்டிக் கிடக்கு, அடுப்புல பானை இருக்கு. இந்த டப்பா எதுக்கு தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெஷின்களில் மூன்று வகை

கடையில் எல்லாவற்றுக்கும் 'வேப்பரைசர்' என்று ஒரே பெயர்தான். உள்ளே இருப்பது வேறு வேறு.

முதல் வகை எலக்ட்ரோடு மெஷின். மிக மலிவானது இதுதான். இதில் ஹீட்டர் கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் தண்ணீரில் மூழ்கியிருக்கும். மின்சாரம் தண்ணீரின் வழியாகவே பாய்ந்து, தண்ணீரைச் சூடாக்கும். தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் பாயும். அதனால்தான் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினால் ஆவி வருவதில்லை. ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்வதும் இதற்காகத்தான். உப்பு அதிகமானால் மின்சாரமும் அதிகமாகி, தண்ணீர் பொங்கி வழியும்.

இரண்டாவது வகை ஹீட்டர் மெஷின். அடியில் ஒரு தகடு சூடாகி, அந்தச் சூடு தண்ணீருக்குப் போகும். எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். ஆனால் தண்ணீர் வற்றிய பிறகும் தகடு சூடாகிக்கொண்டே இருக்கும். தானாக நிற்கும் வசதி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது வகை யு.எஸ்.பி. டிஃப்யூசர். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகினால் வெண்மையாகப் புகை போல வரும். பலர் இதையும் ஆவி என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். கொதிக்கும் நிலையில் உள்ள ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் வேண்டும். அந்தக் கணக்கில் யு.எஸ்.பி. போர்ட்டால் ஒரு மணி நேரத்தில் 4 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாக்க முடியும். எனவே அங்கே வருவது ஆவி அல்ல. அதிர்வினால் சிதறும் குளிர்ந்த நீர்த்துளிகள். வாசனைக்குச் சரி, ஆவி பிடிக்க உதவாது.

சாதகங்கள்

மெஷினின் முதல் சாதகம் வேகம். 400 வாட் மெஷின் ஒன்றில் 150 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இரண்டு, மூன்று நிமிடத்தில் கொதிக்கும். அதன்பின் நிமிடத்துக்குச் சுமார் 10 கிராம் ஆவி வரும். பத்து நிமிடம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட்டில் பதினைந்தில் ஒரு பங்குதான். நள்ளிரவில் மூக்கடைத்துக்கொண்டால் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது சாதகத்தைப் பலரும் யோசிப்பதில்லை. பானையில் இரண்டு லிட்டர் கொதிநீர் இருக்கும், மெஷினில் இருப்பது ஒரு டம்ளர். கை தவறினால் இந்த வித்தியாசம் பெரிது. 2020-இல் கொரோனா பயத்தில் இங்கிலாந்திலும் மக்கள் ஆவி பிடிக்க ஆரம்பித்தார்கள். அப்போது கொதிநீர் கொட்டிக் காயமடைந்த குழந்தைகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடியதாக பர்மிங்காம் நகரின் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எச்சரித்தார்கள். போர்வைக்குள் பானையை வைத்துக்கொண்டு உட்காரும்போது, பக்கத்தில் தவழும் குழந்தை போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்பதெல்லாம் இதில் உதவாது. காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 97.5 டிகிரியில் கொதிக்கும். தோலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாதகங்கள்

எலக்ட்ரோடு மெஷினில் தண்ணீருக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது. இதை ஒருபோதும் மறக்காதீர்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது மூடியைத் திறந்தாலோ, தண்ணீர் ஊற்றினாலோ, விரலை விட்டுப் பார்த்தாலோ ஷாக் அடிக்கும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும். இந்த வகையில் ஒரு நல்லதும் உண்டு. தண்ணீர் தகடுகளுக்குக் கீழே இறங்கியதும் மின்சாரம் பாய்வது தானாக நின்றுவிடும்.

அடுத்தது வோல்டேஜ். நண்பர் வீட்டில் மாலை நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 180 வோல்ட் காட்டியது. வோல்டேஜ் குறைந்தால் சூடு அதே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட்டில் 400 வாட் எடுக்கும் மெஷின் 180 வோல்ட்டில் சுமார் 245 வாட்தான் எடுக்கும். ஆவி ஆறு, ஏழு கிராமாகக் குறைந்துவிடும். "மெஷின் டூப்ளிகேட்" என்று நாம் திட்டுவோம். சிலர் இன்னும் கொஞ்சம் உப்பு போடுவார்கள். வோல்டேஜ் திரும்பி வந்ததும் தண்ணீர் பொங்கி முகத்தில் தெறிக்கும்.

மூன்றாவதாக, ஒரே மாஸ்க்கைக் குடும்பமே மாற்றி மாற்றிப் பிடிப்பது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பரவியபோது, அதனால் தொற்று பரவும், எனவே அதைத் தவிர்க்க வேண்டும் என்று அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கும் அது பொருந்தும். ஆளுக்கு ஒரு மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கம்ப்யூட்டர் மேசையில் ஏன் கூடாது?

நண்பர் வீட்டு யு.பி.எஸ். கெடவில்லை, கணக்குதான் தப்பு. 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் வீட்டு யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட், மெஷின் 400 வாட். மொத்தம் 550 வாட். பாரம் தாங்காமல் யு.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஆவி மெஷின், லேசர் பிரிண்டர் இவற்றை யு.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. சுவரில் உள்ள தனிப் பிளக்தான் இவற்றுக்குச் சரி.

ஆவி குளிர்ந்தால் தண்ணீர். அது கீபோர்டுக்குள்ளும், கேபினெட்டின் ஃபேன் வழியாக மதர்போர்டு வரைக்கும் போகும். உள்ளே ஏற்கெனவே படிந்திருக்கும் தூசியோடு ஈரமும் சேர்ந்தால் ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி. யு.எஸ்.பி. டிஃப்யூசரில் வேறு தொல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றினால், நீர்த்துளியோடு அந்த உப்பும் சேர்ந்து பறந்து மானிட்டர் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். வேடிக்கையைப் பாருங்கள், எலக்ட்ரோடு மெஷினுக்கு உப்பு வேண்டும், டிஃப்யூசருக்கு உப்பே ஆகாது. டிஃப்யூசரில் தண்ணீர் கொதிக்காததால் அதில் உள்ள கிருமிகளும் சாவதில்லை. தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

மூலிகைக்குப் பணம் எதற்கு?

பெட்டியின் மேல் இலைப் படம் போட்டு 'ஹெர்பல்' என்று எழுதினால் நூறு ரூபாய் கூடுகிறது. உள்ளே இருப்பது தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அதே டப்பாதான். நொச்சி நம் வேலியில் இலவசமாக வளர்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் 'வேது பிடித்தல்' ஒன்று, அதை யாரும் நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் இலையை மெஷினின் தொட்டிக்குள் போடாதீர்கள். சக்கை சேர்ந்து ஆவி வரும் துளை அடைத்துக்கொள்ளும். யூகலிப்டஸ் தைலம் சில பிளாஸ்டிக்குகளை விரிசல் விட வைக்கும். இலையைக் கசக்கி மெல்லிய துணியில் கட்டி, ஆவி வெளியே வரும் கிண்ணத்தில் வையுங்கள். அந்தக் கிண்ணம் இல்லாத மாடலென்றால் இலையை விட்டுவிட்டு வெறும் ஆவி பிடியுங்கள். கற்பூரமும் தைலமும் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரைக்கும் போகும்.

ஆவியின் பலனையும் மிகைப்படுத்த வேண்டாம். சூடான ஈரக்காற்று சளியைக் குணப்படுத்தும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2017-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறியது. மூக்குக்குச் சற்று நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். மூச்சிரைப்பு, விடாத காய்ச்சல் என்றால் மெஷினைத் தேடாமல் டாக்டரிடம் போங்கள். மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது ஒரு கவனம்

இணையத்தில் 'ஹெர்ப் வேப்பரைசர்' என்று தேடினால் வெளிநாட்டுத் தளங்களில் வேறு ஒரு மெஷின் வரும். தண்ணீர் இல்லாமல் காய்ந்த இலையைச் சூடாக்கி உள்ளிழுக்கும் கருவி அது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம், நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுப்பதற்கான மூட்டத்தை உண்டாக்கும் மின்னணுக் கருவிகளை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்கிறது. முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஆர்டர் கொடுத்து வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 'ஸ்டீம் இன்ஹேலர்' அல்லது 'ஃபேஷியல் ஸ்டீமர்' என்று தேடினால் நமக்கு வேண்டியது வரும்.

என் கருத்து

மூலிகைக்குப் பணம் கொடுக்காதீர்கள், பாதுகாப்புக்குக் கொடுங்கள். மிக மலிவான மெஷினுக்கும் அதைவிட முந்நூறு, நானூறு ரூபாய் கூடுதலான மெஷினுக்கும் நடுவே நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு. தண்ணீர் வற்றினால் தானாக நிற்கிறதா? தட்டினால் சாயாத அகலமான அடிப்பாகம் இருக்கிறதா? மூடி திருகி மூடும்படி இருக்கிறதா? ஒயரிலும் பிளக்கிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? ஹீட்டர் வகை என்றால் எர்த் உள்ள மூன்று பின் பிளக்காகவும் பார்த்து வாங்குங்கள். இந்த நான்கும் இல்லாத மெஷின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நண்பரின் அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். "அம்மா, நொச்சி உங்கள் வேலியிலிருந்தே வரட்டும். ஆனால் வீட்டில் தவழும் பேரன் இருக்கிறான். போர்வைக்குள் பானை வைப்பதைவிட ஒரு டம்ளர் தண்ணீர் உள்ள நல்ல மெஷின் மேல்." நண்பரிடமும் சொல்லிவிட்டேன். அந்த முந்நூறு ரூபாய் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு, தானாக நிற்கும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். அது இப்போது அடுக்களைச் சுவரில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் உள்ள பிளக்கில் ஓடுகிறது. யு.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும்தான் இருக்கின்றன. தங்கையும் இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கன்ட்ரோல் எஸ் அழுத்தப் பழகிக்கொண்டாள்.