காத்துதானே சார்!

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆடிட், டார்கெட், ஆள் பற்றாக்குறை... வழக்கமான புலம்பல், விடுங்க. இன்னைக்கு உட்கார வெச்சது ஒரு பி.வி.சி. குழாய்.

நான் குப்பை கொட்டும் ரஞ்சன்காவ், புனேயிலிருந்து அகமத்நகர் (2024-லிருந்து அகில்யாநகர்) போகும் சாலையில் சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு பக்கம் அஷ்டவிநாயகரில் ஒருவரான மகாகணபதி, மறுபக்கம் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை. எந்த ஷெட்டுக்குள் போனாலும் மூலையில் ஒரு கம்ப்ரசர் தடதடத்துக்கொண்டிருக்கும். நானே பல கம்ப்ரசர்களுக்கு லோன் போட்டவன். காற்றுக்குப் பயப்படணும்னு எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

என் பையன் எட்டாவது படிக்கிறான். ஸ்பிரிங்கில் ஓடும் ஒரு பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தான், ஸ்பாஞ்ச் டார்ட் போடுமே, அது. எதிர்வீட்டுக்காரர் நம்ம ஊர்க்காரர், கம்பெனியில் சூப்பர்வைசர், கைவேலையில் கெட்டி. ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பி.வி.சி. குழாயின் இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, டயர் வால்வு பொருத்தி, பஞ்சர் கடையில் காற்று அடித்து வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வெள்ளோட்டம். டார்ட் அட்டைப் பெட்டியைத் துளைத்துக்கொண்டு போனது. நானும் கை தட்டினேன். அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தப் பதிவே பொய்.

"வெடிச்சிடாதே?" என்று பேருக்குக் கேட்டேன்.

"பைப்புல 10 கிலோ தாங்கும்னு அச்சடிச்சிருக்கு. நாம அடிச்சது 7. அதுவுமில்லாம, காத்துதானே சார்!"

முப்பது சதவீதம் மார்ஜின். பேங்க்காரன் மனசு குளிர்ந்துவிட்டது :-)

ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்த பிறகுதான் உறைத்தது. அந்த 10 கிலோ தண்ணீருக்குப் போட்ட கணக்கு, காற்றுக்கு இல்லை. தண்ணீரை அழுத்தினால் அது சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். குழாய் விரிசல் விட்டால் கொஞ்சம் பீய்ச்சும், அவ்வளவுதான். காற்று சுருங்கி உள்ளே காத்திருக்கும். ஒரு லிட்டர் குழாயில் 7 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் இருந்தால் அதில் அடங்கிய சக்தி ஒரு ஜூல்கூட இல்லை. அதே இடத்தில் காற்று என்றால் சுமார் 900 ஜூல். பத்து கிலோ அரிசி மூட்டையை மூணாவது மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி. பி.வி.சி. உப்பிக் கிழியாது, கண்ணாடி மாதிரி சில்லுசில்லாகச் சிதறும். வெயில் பட்டால் இன்னும் மொறுமொறுப்பாகும். அழுத்தக் காற்றுக்கு இந்தக் குழாய் வேண்டாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1988-லேயே எச்சரித்திருக்கிறது. அதை என் பையன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்தது டார்ட். ஒரு கிராம் இருக்கும். ஸ்பிரிங்கில் நொடிக்கு 21 மீட்டர் போவது காற்றில் 84 போனால் வேகம் நாலு மடங்கு, அடியோ 16 மடங்கு. கூட்டு வட்டியைவிட மோசம். 2017-ல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை டாக்டர்கள், இந்த மாதிரி டார்ட் கண்ணில் பட்டு உள்ளே ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒருத்தனுக்கு வயசு 11.

"இப்படிச் செஞ்சு பார்த்தாதான் பிள்ளைகளுக்கு மூளை வளரும், நீங்க கணக்குப்பிள்ளை புத்தியிலேயே இருக்கீங்க" என்றார் நண்பர். நான் பி.காம்.தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1990-ல் கடைக்கு வந்த சூப்பர் சோக்கர் தண்ணித் துப்பாக்கியைக் கண்டுபிடித்த லானி ஜான்சன் நாசாவில் வேலை பார்த்த என்ஜினியர். அவர் பொம்மையிலும் அழுத்தக் காற்றுதான். ஆனால் அழுத்துவது குழந்தையின் கை. கைக்கு எவ்வளவு வலுவோ அவ்வளவுதான் பொம்மைக்கும். தன் கணக்கில் இருக்கும் பணத்தைச் செலவு செய்வது மாதிரி. டாங்க் மாட்டினால் அது ஓவர்டிராஃப்ட். வாங்குகிறவன் குழந்தை, ஜாமீன் அவன் கண்ணு.

வெளிநாட்டில் டாங்க் வைத்து ஆடுகிறார்களே என்பார்கள். ஆடுகிறார்கள். பெயின்ட்பால் விளையாட்டுக்கென்றே செய்த சிலிண்டர், ரெகுலேட்டர், கூடுதல் அழுத்தத்தில் தானாகத் திறக்கும் சேஃப்டி டிஸ்க், சோதனைத் தேதி, கண்ணாடி எல்லாம் வைத்துக்கொண்டு. நாம் அந்தப் பட்டியலில் இருந்து டாங்க்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் என்ன நடந்தது? அதே பி.வி.சி. குழாய். உள்ளே கார்பைடு கல், கொஞ்சம் தண்ணீர். கிளம்பும் அசிட்டிலின் வாயுவைப் பற்ற வைத்தால் 'டமார்'. குரங்கு விரட்டும் சாதனம் பொம்மை என்று தெருவில் விலை போனது. போபால் சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். சிலருக்குப் பார்வை போயேவிட்டது. தடையும் வந்தது. எங்க ஊர் சாத்தூர், சிவகாசிக்குப் பக்கம். வெடி என்றால் தள்ளி நின்று பற்ற வைக்கணும்னு எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாய்க்குள் இருப்பது வெடி மாதிரி தெரிவதில்லை, அதுதான் ஆபத்து.

பொம்மையைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்கட்டும், ஸ்பிரிங் மாற்றட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு சுடட்டும். சோதனை முத்திரை இல்லாத எதிலும் காற்றை அடைக்காதீர்கள், அவ்வளவுதான். ஷாப் ஃப்ளோரில் கம்ப்ரசருக்கு சேஃப்டி வால்வு இல்லையென்றால் கத்துகிற அதே ஆள், வீட்டு மாடியில் "காத்துதானே" என்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காற்றை இறக்கிவிட்டுக் குழாயை ரம்பத்தால் நாலாக அறுத்துப் போட்டேன். பையன் மூணு நாள் பேசவில்லை. எதிர்வீட்டுக்காரர் இன்னும் பேசவில்லை.

நேற்று கோவிலுக்குப் போயிருந்தேன். திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமான் இங்கே பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார் என்பது தலபுராணம். நம்ம பக்கத்துக் கதையில் கும்பிட மறந்து கிளம்பினார், தேர் அச்சு முறிந்தது, அந்த இடம்தான் அச்சிறுபாக்கம். சாமிக்கே ஆயுதம் எடுக்கும் முன்னால் ஒரு செக்கிங் உண்டு சார். நமக்கு மட்டும் எதற்கு விலக்கு?