கல்லில் எழுதி வைத்த எச்சரிக்கை



இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையில் நிற்கும் வெசூவியஸ் எரிமலை, கி.பி. 79-இல் பாம்பேய் நகரைப் புதைத்தது எல்லோருக்கும் தெரியும். 1631-இல் நடந்தது பலருக்குத் தெரியாது.

அதற்கு முன் நெடுங்காலம் மலை அடங்கிக் கிடந்தது. எரிமலை வாய்க்குள்ளேயே மரங்கள் வளர்ந்தன, மாடுகள் மேய்ந்தன. அந்த டிசம்பரில் வெடித்தபோது 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த ஆண்டே, கடலோர ஊரான போர்ட்டிச்சியில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். மலை மறுபடியும் வெடிக்கும், அறிகுறி தெரிந்ததும் ஓடிவிட வேண்டும் என்று வருங்காலச் சந்ததிக்குச் சொல்லும் கல்வெட்டு அது. ஆனால் எழுதியது லத்தீனில்! மீனவருக்கும் திராட்சைத் தோட்டக்காரருக்கும் அது எப்படிப் புரியும்? படித்தவர்களாவது கேட்டார்களா? நூறாண்டு கழித்து அதே ஊரில் அரசரே அரண்மனை கட்டினார்.

கடைசியாக வெடித்தது 1944-இல். இன்று அபாய மண்டலத்தில் சுமார் 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாம்பல் படிந்த மண் நன்றாக விளையும், கடலும் பிழைப்புத் தரும்.

என் கருத்து இதுதான்: எச்சரிக்கை கல்லிலும் கருவியிலும் இருந்தால் மட்டும் போதாது. மக்கள் பேசும் மொழியில், ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைக்கும் பள்ளியிலேயே சொல்ல வேண்டும். ஆசிரியர்களாகியிருக்கும் என் மாணவர்களே, எரிமலைப் பாடம் வரும்போது இந்தக் கல்வெட்டின் கதையையும் சொல்லுங்கள்.