மறவாத கதை

கதைக்கு நீளம் அழகா, சுருக்கம் அழகா என்பது பழைய வழக்கு. காப்பியம் படித்தோர் நீளத்தின் பக்கம் நிற்பர். சிறுகதை படித்தோர் சுருக்கத்தின் பக்கம் நிற்பர். இவ்வழக்கை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கொண்டு சென்றால், அவர்கள் தயக்கமின்றி ஒரு பெயரைச் சாட்சிக்கு அழைப்பார்கள்: ‘வன் பீஸ்’. பெற்றோர் பலருக்கோ, அது வைக்கோல் தொப்பி அணிந்த பையன் ஒருவன் ஓயாது கூச்சலிடும் யப்பானியச் சித்திரத் தொடர், அவ்வளவே. ஆயிரத்துக்கு மேற்பட்ட அத்தியாயங்களைக் கொண்ட ஒன்றை ஏன் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. அக்கேள்விக்கு விடை தேடுவதே இவ்வாரம் நம் நோக்கம்.

இத்தொடரின் மூலம் ஒரு சித்திரக்கதை. அதனைப் படைத்த எயிச்சிரோ ஓடா 1975 ஆம் ஆண்டு யப்பானின் குமமோட்டோ நகரிற் பிறந்தவர். ‘விக்கி’ என்னும் வைக்கிங் சிறுவனின் கதையைத் தொலைக்காட்சியிற் கண்டு, பால பருவத்திலேயே கடலோடிகள்மீது மோகங் கொண்டவர். 1997 யூலையில் ‘சோனென் ஜம்ப்’ என்னும் வார இதழில் அவர் கதை தொடங்கியது. 1999 ஒக்டோபர் 20 ஆந் திகதி டோயி நிறுவனம் அதனைத் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தது. 2021 நவம்பரில் ஆயிரமாவது அத்தியாயம் ஒளிபரப்பாயிற்று. ஒரே ஆசிரியரின் சித்திரக்கதைத் தொடர்களுள் மிகுதியான பிரதிகள் அச்சானது இதுவே என்று 2015 இல் கின்னஸ் நிறுவனம் பதிந்தது. அப்பொழுதே தொகை 32 கோடியைத் தாண்டியிருந்தது.

கதைப் பொருள் எளியது. கடற்கொள்ளையர் மன்னன் ஒருவன் விட்டுச் சென்ற புதையலைத் தேடி லூபி என்னும் இளைஞன் புறப்படுகிறான். மாயக் கனி ஒன்றை உண்டதால் அவன் உடல் இரப்பர் போல் நீளும். அதற்கு விலையாக நீந்தும் ஆற்றலை இழந்துவிட்டான். கடலையே வாழ்வாகக் கொண்டவன் கடலில் விழுந்தால் பிறர்தான் கை கொடுக்க வேண்டும். தோழரின்றி இவனால் ஒரு நாளும் வாழ இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே ஆசிரியர் விதியாக்கிவிட்டார்.

வீரக் கதைகள் வேறும் உள. ‘நருட்டோ’ 2002 முதல் 2017 வரை இரு பகுதிகளாக 720 அத்தியாயங்கள் ஓடிற்று. ஊராரின் மதிப்புக்கு ஏங்கும் அநாதைச் சிறுவனின் துயரை அதுபோல் உரைத்த தொடர் வேறில்லை. ‘பிளீச்’ 2012 இல் 366 அத்தியாயங்களுடன் நின்று, பத்தாண்டு கழித்து மீண்டும் வந்தது. இவற்றை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் இத்தகைய தொடர்களில் ஒரு பகைவன் வீழ்ந்தால் அவனினும் வலியவன் வருவான். வழியிற் கண்ட ஊரும் மாந்தரும் பெரும்பாலும் பின்னே நின்றுவிடுவர். ‘வன் பீஸ்’ யாரையும் பின்னே விட்டுச் செல்வதில்லை. அதன் தனிச் சிறப்பு நினைவாற்றல் என்பது நம் துணிபு.

ஓர் உதாரணம் கூறுவோம். 2001 இல் ஒளிபரப்பான பகுதியில் லபூன் என்னும் திமிங்கிலம் வருகிறது. மீண்டு வருவோம் என்று வாக்களித்துச் சென்ற கடலோடிகளை எதிர்பார்த்து, ஐம்பது ஆண்டுகளாக மலைச் சுவரில் தலையை மோதிக்கொண்டு காத்திருக்கிறது. போனவர்கள் ஓடிவிட்டனர் என்று சொல்லியும் அது நம்பவில்லை. கதை அதனைக் கடந்து சென்றது, பார்த்தோரும் மறந்தனர்.

ஏழாண்டுகள் சென்றன. பாழடைந்த கப்பலொன்றில் லூபி கண்டெடுத்த புரூக் என்னும் வேடிக்கையான எலும்புக்கூட்டின் கதை 2008 இல் விரிந்தது. அவன் தோழர் அனைவரும் நஞ்சேறி மாண்டவர்கள். திமிங்கிலத்துக்கென ஒரு பாட்டை இசைத்து, அதனைச் சங்கொன்றிற் பதிவு செய்துகொண்டே ஒவ்வொருவராய் வீழ்ந்தனர். வாத்தியங்களும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. உயிர் மீளும் வரம் பெற்ற புரூக் மாத்திரம் எஞ்சினான். தசையெல்லாம் அழிந்த பின்பும் அவன் தலைமயிரைப் போற்றிக் காத்தது ஏன் என்பதும் அப்போதே தெரிந்தது. அத்தலையைக் கண்டாவது லபூன் தன்னை அடையாளங் கண்டுகொள்ளும் என்பதே காரணம். அது வரை அம்மயிரைக் கண்டு சிரித்தவர் நாம். குறுங்கதையில் இந்த நாணத்தை நமக்குத் தர இயலாது. காத்திருப்பின் பாரத்தை உணரப் பார்ப்பவனும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நீளம் இங்கே குறையன்று, அதுவே கருவி.

ரொபின் என்னும் பெண்ணின் கதை இன்னும் ஆழமானது. மறைக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்த குற்றத்துக்காக அவள் பிறந்த ஒகாரா தீவை உலக அரசு அழிக்கிறது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியே தப்புகிறாள். தீவின் நடுவே நின்ற பெருமரமே அவர்களின் நூலகம். அது தீப்பற்றி எரிகையில், உயிர் பிழைக்க வழியிருந்தும் அறிஞர்கள் ஓடவில்லை. நூல்களை வாரி வாரி ஏரியில் எறிந்தனர். நூலகம் எரிவதைக் கண்டோருக்கு இக்காட்சிக்கு உரை வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் இது 2006 இல் வந்தது. அந்நூல்களை இராட்சதர் மீட்டுத் தம் நாட்டிற்கு எடுத்துச் சென்றனர் என்ற செய்தியை மூலச் சித்திரக்கதை 2022 இல் வெளியிட்டது. ஏரியில் எறிந்த நூல்களை அத்தனை ஆண்டும் ஆசிரியர் மறந்திருக்கவில்லை.

பிள்ளைகளோடிருந்து பெற்றோரும் பார்க்க வேண்டிய பகுதி, 2011, 2012 ஆம் ஆண்டுகளில் வந்த மீன்மனிதர் தீவுப் படலம். மீன்மனிதர் மனிதரால் விலைக்கு விற்கப்பட்ட இனத்தார். அவர்களை விடுவித்த வீரன் டைகர், மனிதக் குருதியை ஏற்றினால் பிழைக்கலாம் என்ற நிலையிலும் அதனை மறுத்து மாள்கிறான். அவன் மறுப்பில் நியாயம் இல்லையென்று யார் சொல்வார்? ஆனால் அடுத்த தலைமுறையில் ஓடி என்பவன் எழுகிறான். பகைமையே அவன் உணவு. மனிதர் உனக்கு இழைத்த தீங்கு யாது என்று வினவப்பட்டபோது, தனக்கு எதுவும் இழைக்கவில்லை என்பதே அவன் விடை. கேட்டுக் கேட்டு வளர்ந்த வெறுப்பு, காரணத்தையும் மறந்துவிட்டது. நினைவையே தன் பலமாகக் கொண்ட கதை இங்கே தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறது: துன்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருத்தல் தகுமா? சொல்லுங்கால் வெறுப்பையும் சேர்த்துக் கொடுக்காமல் இருப்பது எங்ஙனம்? போர் முடிவில் லூபி குருதி வடிந்து கிடக்கிறான். மனிதருக்குக் குருதி கொடுத்தல் அத்தீவின் சட்டத்துக்கு விரோதம். மீன்மனிதனாகிய ஜின்பே தன் கையை நீட்டுகிறான். டைகர் மறுத்த இடத்திலேயே கதை இவ்விடையைக் கூறுகிறது.

குறைகளையும் மறைக்கலாகாது. மூலக் கதையை முந்திவிடாதிருக்கும் பொருட்டுத் தொலைக்காட்சியார் காட்சிகளை இழுத்தனர். டிரெஸ்ரோசா என்னும் ஒரு நாட்டின் கதை மாத்திரம் 118 அத்தியாயங்களை விழுங்கிற்று. முகங்கள் வியப்பதையும் மணல் பறப்பதையும் பார்த்துச் சலித்தோர் பலர். 2026 முதல் ஆண்டுக்கு 26 அத்தியாயங்களுக்கு மேற்படாமல் வெளியிடுவதென நிறுவனத்தார் 2025 இல் அறிவித்தமை, இக்குறையை அவர்களும் உணர்ந்ததைக் காட்டுகிறது. பெண்பாத்திரங்களின் உருவை மிகைப்படுத்தி வரையும் வழக்கமும் நமக்கு உவப்பன்று. இளஞ்சிறார் பார்க்கையில் பெரியோர் அருகிருத்தல் நன்று.

இறுதியாக ஒன்று. 2016 ஏப்பிரிலில் குமமோட்டோவைக் கொடிய நிலநடுக்கம் தாக்கியது. ஓடா தம் பிறந்த மண்ணின் மீட்சிக்குத் துணை நின்றார். 2018 இல் மாகாண அலுவலக முன்றிலில் லூபிக்கு வெண்கலச் சிலை எழுந்தது. அவன் தோழர் ஒன்பதின்மரும் நிலநடுக்கம் தாக்கிய ஊர்களில் ஒவ்வொருவராய் நிறுவப்பட்டு, 2022 இல் ஜின்பேயின் சிலையுடன் பணி நிறைவுற்றது. கதையில் லூபி தன் தோழரைத் தேடித் திரட்டியதுபோல, அச்சிலைகளைக் காணப் புறப்படுவோர் ஊர் ஊராய்ச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, மாலையில் உங்கள் பிள்ளை அத்தொடரின் முன் அமர்ந்திருந்தால், பாடத்தை முடித்தாயா என்று கேளுங்கள், கேட்க வேண்டியதே. முடித்துவிட்டேன் என்று சொன்னால், அருகில் அமர்ந்து, அந்தத் திமிங்கிலம் யாருக்காகக் காத்திருக்கிறது என்றும் கேளுங்கள். விடை நீளமாகத்தான் இருக்கும்.