பரணில் கிடக்கும் மடிக்கணினிகள்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, மாணவர் கைக்கு வந்த கருவியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் அதை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. கணினியை முடுக்கியதும் எது வேண்டுமென்று திரை கேட்கும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்திலும் போளூரிலும் பிள்ளைகள் எதைத் தேர்ந்தனர் என்று விசாரிக்கத் தேவையில்லை. இரண்டாவது வரி எதற்கு என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

அந்தப் பிழைக்கு இப்போது விலை கொடுக்கிறோம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 புதிய செயலியையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. அரசு தந்த பழைய மடிக்கணினிகள் அதற்குத் தகுதி பெறா. திருவண்ணாமலையில் இது வீட்டோடு நிற்கும் சிக்கலும் அன்று. பௌர்ணமி தோறும் கிரிவலத்திற்கு வருவோரின் ஆதார் நகல்களை வாங்கி வைக்கும் சிறு விடுதி, பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் அவற்றைச் சேமிப்பது பிறர் உடைமையைத் திறந்த திண்ணையில் வைப்பதாகும்.

இத்தனைக்கும் கருவி கெட்டுவிடவில்லை. நினைவகத்தைச் சற்றே கூட்டி, சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்தி, எக்ஸ்எப்சிஇ போன்ற எளிய முகப்புடைய லினக்சை நிறுவினால், அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். லிபர் ஆபீசில் கடிதம் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கற்பிக்கும் பைத்தானும் அதில் ஓடும். உரிமக் கட்டணம் இல்லை என்பது இதன் சிறு பயனே. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய க்னூ முயற்சியும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து தந்தது, மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உள்ள உரிமை.

தமிழகத்தில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சி. உமாசங்கர் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்நிறுவனக் கணினிகள் சூசே லினக்சுக்கு மாறின. பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு லினக்ஸ் இடம்பெற்றது. ஆனால் கேரளம் ஒருபடி மேலே சென்று, பத்தாம் வகுப்பின் செய்முறைத் தேர்வையே லினக்சில் நடத்தியது. தேர்வு வந்ததும் ஆசிரியர் கற்றார். ஆசிரியர் கற்றதும் வீடு கற்றது. நாம் புத்தகத்தில் அச்சிட்டதோடு நின்றோம்.

தடைகளை மறைப்பது நேர்மையன்று. தேரடி வீதியின் அச்சக உரிமையாளர் போட்டோஷாப்பையும் கோரல்டிராவையும் விட்டு எளிதில் வரமாட்டார். பல்லாண்டுக் கோப்புகள் அவற்றில் உள்ளன. சில அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிக்கும். அவரை இன்று வற்புறுத்த வேண்டியதில்லை. படிக்கும் பிள்ளையுள்ள வீட்டிலிருந்து தொடங்கலாம்.

அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் தன்னார்வலர் குழுவொன்று ஊரக மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் அவர்களை அழைக்கட்டும். மாவட்ட மைய நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, பழைய மடிக்கணினியோடு வருவோர்க்கு முதலில் படங்களையும் கோப்புகளையும் பத்திரமாகப் படியெடுத்துக் கொடுத்து, பின்பு லினக்சை நிறுவித் தரட்டும். நிறுவிய பின் எழும் ஐயங்களுக்கு விடை சொல்ல அரசு பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் இருவரை அங்கே அமர்த்தினால் போதும்.